பத்து மணி மாத்திரையும் நாலாத் தண்ணீரும்: அந்தமான் தீவொன்றில் மூன்று இரவுகள்

போன பிப்ரவரியில் நானும் என் கணவரும் முதுகில் பையைச் சுமந்துகொண்டு அந்தமானில் ஒரு சின்னத் தீவுக்குப் போய், ஆள் நடமாட்டமே இல்லாத அதன் மறுகோடிக் கடற்கரையில் மூன்று இரவு தங்கிவிட்டு வந்தோம். ஐம்பதை நெருங்கும் வயதில், உடம்பில் ஒரு குறையையும் வைத்துக்கொண்டு இப்படிப் போகலாமா என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போகலாம். ஆனால் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாமல் போங்கள்.

தீவின் பெயரை எழுதவில்லை. முதலை நடமாடும் கரைக்குக் கூட்டம் வந்துவிடக் கூடாது என்று அங்கிருந்த வனத்துறை வாட்சர் கேட்டுக்கொண்டார். நிஜமாகவே போக நினைப்பவர்கள் ரங்கத் ஊர் வன அலுவலகத்தில் விசாரித்தால் அனுமதியோடு எங்கெங்கே தங்கலாம் என்று சொல்லிவிடுவார்கள்.

என் கணவர் பெயர் அருள். மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். போன வருடம் ஜூன் மாதம் வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நான் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். எத்தனையோ பேருடைய மனைவிகளிடம் "ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா இருங்க" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது அது துளியும் வேலை செய்யவில்லை.

மூன்றாம் நாள் வார்டில் படுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இதுலேர்ந்து எழுந்தா ஒரு தீவுக்குப் போணும் ஸ்டெல்லா."

"நீங்க பொறந்ததே தீவுல தானே," என்றேன். அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர். காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போகிற ஊர்.

"அதுல ஹைவே ஓடுது, பஸ் ஸ்டாண்டு இருக்கு. நான் சொல்றது யாருமே இல்லாத தீவு."

மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். ஆனால் மனிதர் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் தீவு தீவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பரில் சாமுண்டி மலைப் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார். அவர் ஐம்பது படி ஏறி நிற்பார், நான் பின்னால் நின்று அவருடைய தோள் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்று பார்ப்பேன். ஜனவரியில் இதய மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "போகட்டும், நடக்கட்டும், அவசரமா ஏறக் கூடாது, எட்டு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது, மாத்திரை ஒரு வேளை கூடத் தவறக் கூடாது" என்றார். போகக் கூடாது என்பார் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

அருள் ஒரு நிபந்தனை போட்டார். "அங்க நீ நர்ஸ் இல்ல. எம் பொண்டாட்டி மட்டும். நாடி பாக்குறேன், பிரஷர் பாக்குறேன்னு எங் கையைத் தொடக் கூடாது." ஏழு மாதமாக நான் தூங்கும்போதுகூட அவருடைய மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சரி என்றேன். பிரஷர் பார்க்கும் கருவியை மட்டும் அவருக்குத் தெரியாமல் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

இரண்டு பேர் படுக்கும் டென்ட், இரண்டு முதுகுப் பை, விரிப்பு எல்லாம் மைசூரிலேயே வாடகைக்குக் கிடைத்தன. ஒரு வாரத்துக்கு 2,400 ரூபாய். தேவராஜ மார்க்கெட்டில் அவல், வறுத்த ரவை, நிலக்கடலை, பேரீச்சை, சட்னிப்புடி என்று மைசூரில் சொல்லும் காரப்பொடி வாங்கினோம். சட்னிப்புடி கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் ஊறிய அவலைக்கூடச் சாப்பாடாக்கிவிடும். மாத்திரைகளை மூன்று பங்காகப் பிரித்து என் பையில் ஒன்று, அவர் பையில் ஒன்று, என் இடுப்புப் பையில் ஒன்று என்று வைத்தேன். அவர் பையை நிறுத்துப் பார்த்தேன், ஏழே கால் கிலோ. என்னுடையது பதிமூன்று. மகள் ஜெனி தராசைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ போர்ட்டரா போறியா?" என்று கேட்டாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவச் சரியா நோடிக்கோ மா," என்றாள். பார்த்துக்கொள் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள், பாதி கன்னடம் பாதி தமிழ் தான் அவளுக்கு எப்போதும் வரும். "நீயும் உஷாரா இரு" என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

மைசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையத்துக்கே நேராகப் போகும் பஸ் இருக்கிறது, ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அங்கிருந்து போர்ட் பிளேர். இப்போது அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் ஆட்டோக்காரரிலிருந்து இட்லிக் கடைக்காரர் வரை பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். விமானம் ஏறும்போது அவருடைய உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேகம், கடல், தீவு எதுவும் எனக்கு நினைவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதையெல்லாம் அவர்தான் பார்த்தார்.

மறுநாள் விடிவதற்கு முன் பஸ் ஏறி ரங்கத் போய்ச் சேர மதியமாகிவிட்டது. நூற்றெழுபது கிலோமீட்டர் இருக்கும். நடுவில் பழங்குடியினர் காட்டுக்குள் வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள், நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அதை மதியுங்கள். ரங்கத்தில் ஒரு லாட்ஜில் இரவு தங்கினோம், 900 ரூபாய். அனுமதிச் சீட்டை அன்றே வாங்கிவிட்டோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மைசூரில் எங்களுக்குள் சண்டை வந்தால் தமிழில்தான் போடுவோம், பக்கத்து வீட்டுக்குப் புரியாது. அந்தமானில் பார்த்தால் பஸ்ஸில், லாட்ஜில், படகுத்துறையில் எங்கே திரும்பினாலும் தமிழ். முதல் நாளே பையை யார் தூக்குவது என்று பஸ் ஸ்டாண்டில் வாக்குவாதம் ஆரம்பித்ததும் முன்னால் நின்ற ஒரு பெரியவர், "அந்தம்மா சொல்றத கேளுய்யா," என்றுவிட்டார். அதற்கப்புறம் பயணம் முழுக்கக் கன்னடத்தில் சண்டை போட்டோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிப் படகு, ஒரு மணி நேரப் பயணம். தீவின் இந்தக் கோடியில் நூறு வீடு இருக்கலாம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், நாலு கடை. ஃபோன் சிக்னல் இங்கேயே சந்தேகம்தான், ஊரைத் தாண்டினால் கிடையாது. துறை ஓரத்தில் கடை வைத்திருந்த பாக்கியம் அக்காவிடம் டீ குடித்தோம். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மரம் வெட்ட வந்தவராம். என் பையையும் அருள் பையையும் அக்கா மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆம்பளைக்குச் சின்னப் பை, உனக்குப் பெரிய பையா?"

"ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்குக்கா."

அவர் முகம் மாறிவிட்டது. "அத வச்சுக்கிட்டா அந்தக் கோடிக்குப் போறீக?" என்றார். அருள் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வனத்துறைக் கொட்டகையில் வாட்சர் முருகேசன் எங்கள் பெயரை எழுதிக்கொண்டார். அவரும் தமிழர்தான். நாங்கள் தங்க வேண்டிய இடம் மறுகோடியில் ஒன்பது கிலோமீட்டர். வழியில் ஐந்தாவது கிலோமீட்டரில் கடலில் வந்து சேரும் ஓர் உப்புத் தண்ணீர் ஓடை. அங்கே எல்லோரும் அதை நாலா என்கிறார்கள்.

"நாலாவ இன்னிக்கு ஒரு மணிக்குத் தாண்டிருங்க சார். தண்ணி வத்தியிருக்கும், முட்டிக்கு மேல வராது. தண்ணி இருக்கும்போது மட்டும் எறங்காதீங்க, முதலை இருக்கு. மேல குன்று வழியா ஒரு பாதை சுத்திக்கிட்டுப் போகுது, ஆனா மூணு மணி நேரம் ஏத்தம். சாருக்கு வேணாம்."

"ஒரு மணி," என்று அருள் தலையாட்டினார். நானும் மனதில் எழுதிக்கொண்டேன். எங்கள் இருவர் மண்டையிலும் அது ஒரு பஸ் நேரம் போலப் பதிந்துவிட்டது. முருகேசன் 'இன்னிக்கு' என்று சொன்னது இரண்டு பேர் காதிலும் நன்றாகத்தான் விழுந்தது, இருந்தும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. கடலைப் பற்றி நாங்கள் என்ன கண்டோம். அருளுக்குத் தெரிந்த தண்ணீர் காவிரி. கண்ணம்பாடி அணையில் மதகைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும், நடுவில் அது பாட்டுக்கு இருக்கும்.

நாலா வரைக்கும் பாதை கடலை ஒட்டிய காட்டுக்குள் போகிறது. வேர்கள் நிறைய, கால் இடறும். அவர் முன்னால், நான் பின்னால். சரியாக ஒரு மணிக்கு நாலாவில் இறங்கினோம். கரையில் வாயைப் பிளந்த முதலைப் படத்தோடு ஒரு பலகை. இருபது அடி அகலம், தெளிந்த தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது. முட்டி வரைகூட இல்லை. ஆனாலும் அந்த இருபது அடியைத் தாண்டுவதற்குள் நான் மூன்று தடவை ஜெபம் சொல்லிவிட்டேன். அருள் நடுவில் நின்று முகம் கழுவினார்! கன்னடத்தில் திட்டினேன்.

தங்கும் இடத்தில் வனத்துறையின் தகரக் கூரைக் கொட்டகை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதன் முற்றத்தில்தான் டென்ட் போட அனுமதி, கடலிலிருந்து நல்ல தூரம் தள்ளி, மேட்டில். பின்னால் நன்னீர் ஊற்று இருக்கிறது, கொதிக்க வைத்துக் குடியுங்கள். கடற்கரை வெள்ளைவெளேரென்று வளைந்து போகிறது. காலடித் தடம் எங்களுடையது மட்டும்தான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு, ஒத்துக்கொள்கிறேன். சங்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நண்டுகள் எங்கள் அவலைத் திருட வந்தன. அருள் அவற்றுக்கெல்லாம் ஃபேக்டரி ஆட்களின் பெயரை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான்தான் சிரிக்கவில்லை. அவர் தேங்காய் பொறுக்கக் கொஞ்சம் தூரம் போனால் எழுந்து நின்றுவிடுவேன். இருமினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். இங்கே ஏதாவது ஆனால் ஒன்பது கிலோமீட்டர், ஒரு நாலா, ஒரு மணி நேரப் படகு, அப்புறம் ரங்கத் ஆஸ்பத்திரி. அங்கே செய்ய முடியாவிட்டால் ஹெலிகாப்டர். இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை மனதுக்குள் நடந்து பார்த்தேன். இரண்டாம் நாளிலிருந்து பின்மண்டை வலித்துக்கொண்டே இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மணல் ஈ கடித்துக் கால் முழுக்கத் தடிப்பு வேறு. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை.

அவருடைய மாத்திரை நேரம் காலை பத்து, இரவு பத்து. ஃபோனில் அலாரம் வைத்திருந்தேன். பத்து மணிக்கு அலாரம் அடிக்கும், கடலைப் பார்த்து உட்கார்ந்து அவர் மாத்திரை போட்டுக்கொள்வார், நான் அவர் தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். எங்களுக்கு நேர் எதிரே கரையில் வேரோடு சாய்ந்த ஒரு பெரிய மரம் கிடந்தது. போன மறுநாள் காலை பத்து மணிக்கு அதற்கும் தண்ணீருக்கும் நடுவே ஈர மணல் நாலைந்து அடி இருந்தது. அதற்கடுத்த நாள் அலை அதன் வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளம்பும் நாள் பாதி மரம் தண்ணீருக்குள். பார்த்தேன், அதோடு விட்டுவிட்டேன். அவர் மாத்திரையை முழுங்கினாரா என்பதுதான் அப்போதைய கவலை.

நான்காம் நாள், வந்தபடியே ஒரு மணிக்கு நாலாவைத் தாண்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். மறுநாள் காலை ஆறு மணிக்குப் படகு. அதை விட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்தது.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாலாவுக்கு வந்தோம். நாலா அங்கே இல்லை. அந்த இடத்தில் ஓர் ஆறு இருந்தது. இருபது அடி அறுபது அடியாகியிருந்தது, தண்ணீர் கலங்கிப் பச்சையாக இருந்தது, அடி தெரியவில்லை. அக்கரையில் பலகையின் கால்கள் மூழ்கி, படத்து முதலையின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"மழை பெஞ்சிருக்கு மேல எங்கேயோ," என்றார் அருள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. பையைக் கழற்றிக் கீழே வைத்தார், சட்டையைக் கழற்றினார். "ஏறிக்கிட்டிருக்கு ஸ்டெல்லா. இன்னும் நின்னா கழுத்துக்கு வந்துரும். இப்பவே தாண்டிரணும். நான் நீந்திப் போய் ஆழம் பாத்துட்டு வந்து உன்னையும் பையையும் கூட்டிட்டுப் போறேன்."

"நீந்தவா? முதலை இருக்குதுன்னு அந்த ஆள் சொன்னாருல்ல?"

"நின்னா ராத்திரி ஆயிரும், காட்டுல மாட்டிக்குவோம். இல்லன்னா குன்றுப் பாதைல போலாம். மூணு மணி நேரம் தானே."

மூணு மணி நேரம் ஏற்றம். தண்ணீருக்குள் போனால் முதலை, குன்றில் ஏறினால் நெஞ்சு, நின்றால் இருட்டு. அந்தமானில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். எனக்குக் காது அடைத்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் இடுப்பு வரை தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"பேட ரீ! வாபஸ் பன்னி!" என்று கத்தினேன். வேண்டாம், திரும்பி வாருங்கள் என்று கன்னடத்தில். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை, அங்கேயும் கன்னடம்தான் வந்தது. அவர் திரும்பவில்லை. கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை, "அருள்!" என்று பெயர் சொல்லிக் கத்தினேன். நின்றுவிட்டார்.

"நீங்க இன்னும் ஒரு அடி வச்சா நானும் இந்தப் பையோட எறங்கிருவேன். எனக்கு நீச்சல் தெரியாது."

பதிமூன்று கிலோ பையின் வாரை இழுத்து மார்பில் பூட்டிக்கொண்டு கரை விளிம்புக்கு வந்து நின்றேன். வெறும் மிரட்டல் இல்லை அது. அவருக்கும் அது தெரிந்தது. முகமெல்லாம் சிவந்து மேலே ஏறி வந்தார். இரண்டு பேரும் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி வேரில் உட்கார்ந்தோம்.

"எட்டு மாசமா இப்படித்தான்," என்றார். "படி ஏறாத, பை தூக்காத, தண்ணில எறங்காத. நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டியா?"

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சாய்ந்த மரம் நினைவுக்கு வந்தது. வந்த மறுநாள் பத்து மணிக்கு ஈர மணல். அடுத்த நாள் பத்து மணிக்கு வேரில் அலை. இன்று பத்து மணிக்குப் பாதி மரம். அதே பத்து மணி, அதே மாத்திரை. அந்த முதல் இரண்டு நாளும் பத்து மணிக்கு மேல் தண்ணீர் பின்வாங்கித்தான் போனது. தண்ணீர் மட்டும் ஒவ்வொரு நாளும் தாமதமாக இறங்குகிறது.

"இது ஏறலீங்க," என்றேன். "எறங்குது. ஒரு மணிக்கு எறங்க வேண்டியது இன்னிக்கு லேட்டா எறங்குது. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகுது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க மாத்திரைய பாத்துக்கிட்டே அதையும் பாத்திருக்கேன்."

அவர் நம்பவில்லை. எனக்கே முழு நம்பிக்கை இல்லை. நீளமான ஒரு கழியை எடுத்துக்கொண்டு போய், தண்ணீரிலிருந்து எட்டி நின்றபடி அதன் விளிம்பில் குத்தி வைத்துவிட்டு ஓடி வந்தேன். கால் மணி நேரம். ஒரு நோயாளியின் மானிட்டரைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. தண்ணீர் ஏறினால் என்னிடம் அதற்கு மேல் யோசனை எதுவும் கிடையாது. குன்றில் ஏற விடுவதா, அங்கேயே இரவைக் கழிப்பதா, அவருக்கு நெஞ்சு வலித்தால் நான் எந்தப் பக்கம் ஓடுவது. பின்மண்டை விண் விண் என்று தெறித்தது.

கழிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈர மணல் தெரிந்தது. முதலில் ஒரு விரல் அகலம். பிறகு ஒரு சாண். அருள் எழுந்து வந்து பார்த்தார், பிறகு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவலில் சட்னிப்புடி போட்டுப் பிசைந்து எனக்கு முதலில் கொடுத்தார்.

மூன்றே கால் மணிக்கு அடி மணல் தெரிந்தது. தண்ணீர் முட்டிக்கு வந்திருந்தது. ஆளுக்கொரு கழியால் தட்டிக்கொண்டே, இந்த முறை முகமெல்லாம் கழுவாமல், வேகமாகத் தாண்டினோம். அக்கரையில் பலகைக்குப் பத்தடி தள்ளி, சேற்றில் மூட்டையை இழுத்துப் போன மாதிரி ஒரு தடம், இரண்டு பக்கமும் நகக் குறி. தண்ணீரிலிருந்து மேலே ஏறி, திரும்பவும் தண்ணீருக்குள் போயிருந்தது. வந்த அன்று அது இல்லை. அருள் ஒரு படம் எடுத்தார், அவசரத்தில் பாதி கலங்கலாக விழுந்திருக்கிறது. நடையை எட்டிப் போட்டோம்.

அரை மணி நேரம் நடந்த பிறகு ஒரு வளைவில் அவராகவே நின்றார். வேரில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.

"பாத்துக்கோ."

"வேணாங்க, தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல."

"பரவால்ல, பாரு."

மூன்று விரலை வைத்தேன். எண்பத்தாறு, சீராக, அழகாக ஓடிக்கொண்டிருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை. அப்போது அவர் இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாமல் தடவினார், நான் விரலை நகர்த்தி வைத்தேன். வாட்சைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணினார்.

"நூத்தி இருபத்தி நாலு. சரியா எண்ணினேனா?"

"சரியாத்தான் இருக்கும். பயத்துல."

"இந்த நாலு நாள் பயமா, எட்டு மாசப் பயமா?"

நான் அழுதுவிட்டேன். வாட்சர் சொல்லாத, பலகையில் போடாத எல்லாப் பயத்தையும் சேர்த்து அந்த வேரில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் பையைத் திறந்து டென்ட்டை எடுத்துத் தன் பையில் கட்டிக்கொள்ளப் பார்த்தார். எட்டு கிலோ என்றேன். கடைசியில் டென்ட் கம்பிகளை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

ஊருக்குள் நுழையும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. முருகேசன் டார்ச்சோடு எங்களைத் தேடிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார். கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடல் தண்ணி தெனமும் முக்கா மணி நேரம் தள்ளித்தான் சார் எறங்கும். அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன். என் தப்புதான், சொல்லியிருக்கணும்." அந்தப் படத்தைக் காட்டினோம். பெரிய உடும்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். பாக்கியம் அக்கா வீட்டில் படுக்க இடம் கொடுத்து, மீன் குழம்பும் சோறும் போட்டார். காசு கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தீவில் கால் வைத்ததும் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று நீங்கள் இருக்கப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் நாள் நேரத்தை வைத்துத் திரும்பும் நாளைக் கணக்குப் போடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள், அங்கே அவசரப்பட வேண்டிய காரியம் எதுவும் இல்லை. அனுமதி இல்லாமல் தங்காதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். விமானம் உட்பட எங்கள் இருவருக்கும் மொத்தம் ஏறத்தாழ 46,000 ரூபாய் ஆனது. திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், படகு எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதய நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்கும்போது உங்களையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், துண்டுக்குள் சுருட்டி எடுத்துப் போன அந்தப் பிரஷர் கருவி நான்கு நாளும் வெளியே வரவே இல்லை. மைசூருக்கு வந்த மறுவாரம் அருளுக்கு வழக்கமான சோதனை. அவருக்கு எல்லாம் நன்றாக இருந்தது. எழுந்திருக்கும்போது அவர், "டாக்டர், இவங்களுக்கும் ஒரு தடவை பிரஷர் பாத்துருங்க," என்றார். நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று எட்டு. டாக்டர் சிரிக்கவில்லை. எவ்வளவு நாளாகத் தலை வலிக்கிறது என்று கேட்டார்.

இப்போதும் காலை பத்து மணிக்கு அலாரம் அடிக்கிறது. அலாரம் அவருடைய ஃபோனுக்கு மாறிவிட்டது. அவர் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, என்னுடையதை என் கையில் வைத்துவிட்டு, என் தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறார்.